டமாரம் மாற்றிப் படித்த கடிதங்கள்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இங்கே நானும் உன் மகளும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், அந்த மட்டில் நீ பயப்பட வேண்டாம். தையல் போட்ட இடத்தில் இப்போது வலியே இல்லை, இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்க்க முடிகிறது என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டு எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அம்மாடி, இதை வார்டில் நின்றுகொண்டோ பஸ்ஸில் தொங்கிக்கொண்டோ படிக்காதே. உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். இது நம் கட்டிடத்துக்குக் கீழே சலவைக்கடை வைத்திருக்கும் அம்மாவின் கையெழுத்து. நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் சொல்வதைப் பக்குவமாக எழுதட்டுமா பெரியவரே என்று கேட்டார். வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே ஒருத்தி பக்குவமாக எழுதித்தான் இந்தக் கதி, நான் உளறினாலும் உளறினபடியே எழுது தாயே என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். மாப்பிள்ளை நம் வீட்டில் இல்லை. ஏழு மாதமாக இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார், அந்த அம்மாள் லைசன்ஸ் வாங்கின வாரமே இவர் ஒரு பெட்டியையும் இஸ்திரிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு மேலே இருக்கும் வீட்டுக்குக் குடி போய்விட்டார். நாலு தெரு தள்ளித்தான். உன் மகள் பள்ளிக்கூடம் போகிற பஸ் அந்தக் கடை வாசலில்தான் தினமும் நிற்கிறது. கியர் மாத்தச் சொல்லிக்குடுக்கப் போய் வீட்டையே மாத்திட்டாரு பாருங்க என்று சலவைக்கடை அம்மா இதை எழுதும்போதே சொல்கிறார், அதையும் எழுது என்றேன். நீ இதைப் படித்துவிட்டு எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும், அந்தத் தண்ணீரில் ஒரு மடக்குக் குடித்துக்கொள். ஆனால் கண்ணு, என்னைத் தூக்கிவாரிப் போட்டது இது இல்லை. இதை ஏழு மாதத்துக்கு முன்பே உனக்குச் சொல்லிவிட்டேன் என்றுதான் நான் போன திங்கட்கிழமை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை போன மூன்றாம் நாள், சமையலறை மேசையில் உன் மகளை உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அம்மாடி, உன் வீட்டுக்காரர் வீட்டை விட்டுப் போய்விட்டார், காரணம் ஒரு பெண், நான் போய்ப் பேசிப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை, நீ லீவு கிடைத்தால் உடனே புறப்பட்டு வா என்று சொன்னேன். பெற்ற பிள்ளையை வைத்து இதை எழுத வைக்கிறோமே என்று எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வேறு யார் எழுதித் தருவார்கள், ஒன்பது வயதிலிருந்து என் கடிதம் எல்லாம் அவள் கையால்தானே போகிறது. குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். எழுதி முடித்து, படிச்சுக் காட்டட்டுமா தாத்தா என்று கேட்டு, நான் சொன்னதைச் சொன்னபடியே படித்தும் காட்டினாள். அப்புறம் அவளே கொண்டுபோய்த் தபாலில் போட்டாள். உன் பதில் வந்தது. அதையும் அவள்தான் படித்தாள். அப்பா, நீங்கள் எழுதிய விஷயம் தெரிந்துகொண்டேன், அதைப் பற்றி இனிமேல் கடிதத்தில் எழுத வேண்டாம், நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று நீ எழுதியிருப்பதாகப் படித்தாள். நான் ஆடிப்போய்விட்டேன். இவ்வளவு பெரிய இடி விழுந்திருக்கிறது, நாலே வரியில் முடித்துவிட்டாளே, என் மகள் எப்போது இப்படிக் கல்லாகிப்போனாள் என்று நினைத்தேன். உன் மேல் கோபம்கூட வந்தது. ஏழு மாதமாக அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் உனக்கு நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன், அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். நீ சொன்னபடி நானும் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. சொன்னது நீ இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்.

போன வாரத்துக்கு முந்தின வாரத்திலிருந்து உன் மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது. டமாரம் என்று நீதானே அவளுக்குப் பெயர் வைத்தாய், மூன்று வயதில் வீட்டு விஷயத்தை எல்லாம் தெருவுக்குச் சொல்லிவிட்டு வருகிறாள் என்று. அந்த டமாரம் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தாள், கீழ் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி காலியாகிறது என்று சண்டைக்கு வந்தார். ரொட்டியை வைத்தால் விளிம்பைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் வரிசையாக அடுக்குகிறாள், ஒன்றும் வாய்க்குள் போகவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. அந்தச் சமயத்தில்தான் திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. நீட்டினேன். என்னால முடியாது தாத்தா, யார்கிட்டயாவது குடுத்துப் படிச்சுக்கோங்க என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தக் குரலில் ஏதோ ஒன்று இருந்தது, தோற்றுப்போனவர்கள் பேசுகிற மாதிரி. எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிச் சலவைக்கடைக்குப் போனேன்.

சலவைக்கடை அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சத்தமாகவே படித்தார். அப்பா, அவருக்குக் காலில் சுளுக்கு என்று எழுதியிருந்தீர்களே இப்போது தேவலையா, டமாரம் அவருக்கு ஒத்தடம் கொடுப்பதாகப் படித்துச் சிரித்தேன், ஒரு வரி எழுதக்கூடவா அவருக்கு நேரமில்லை, இதோடு அவருக்கு எப்போதும்போல் தனியாக ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன், கொடுத்துவிடுங்கள் என்று. அந்த அம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஏன் பெரியவரே, உங்க பொண்ணுக்கு விஷயமே தெரியாதா என்றார். தப்பான கடிதத்தை எடுத்து வந்துவிட்டேனோ, பக்கத்து வீட்டுக்கு வந்ததோ என்றுகூட நினைத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பார்த்து நான் என்னத்தைக் கண்டேன். சுளுக்காம், ஒத்தடமாம். யார் காலில், யார் கொடுத்தது.

மாடி ஏறி வந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். உன் கடிதங்களை வந்த வரிசை கலையாமல் அதில்தான் வைத்திருக்கிறேன். அவள் படுத்திருந்தாள், டப்பா சத்தம் கேட்டும் திரும்பவில்லை. திரும்பக் கீழே போய், இஸ்திரி போட வைத்திருந்த துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, கடைசி ஏழையும் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். ஒரு தடவை காதில் விழுந்தது எனக்கு மறக்காது என்று உனக்குத் தெரியும், நாற்பது வருஷம் லிஃப்ட் ஆபரேட்டராக நின்றவன், ஏறுகிறவன் செருப்புச் சத்தத்தை வைத்தே மாடியைச் சொல்லிவிடுவேன். சலவைக்கடை அம்மா ஒரு வரி படிக்க, அதே இடத்தில் டமாரம் என்ன படித்தாள் என்று நான் சொல்ல, இரண்டும் இரண்டு தேசத்துக் கதை மாதிரி இருந்தது. உனக்கு அங்கே பனி அதிகம் என்று அவள் படித்த மாதத்தில் நீ வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். முட்டிக்குத் தைலம் தேய்க்காமல் இருக்காதீர்கள் என்று நீ எனக்குச் சொன்னதாக அவள் படித்தது உன் கடிதத்தில் இல்லவே இல்லை, அது அவளாகச் சொன்னது. ஒரு தடவை, அவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளட்டும் அப்பா, தடுக்காதீர்கள் என்று நீ எழுதியிருப்பதாகப் படித்தாள், நானும் கூடவே போய் வெட்டிவிட்டு வந்தேன். அந்த இடம் வந்ததும் சலவைக்கடை அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டிக்காரிதான், சந்தடிசாக்குல முடியையும் வெட்டிக்கிட்டா என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு அடுத்த கடிதத்தில் அவள் படித்தது என் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்பா, என் மகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, இங்கே எல்லோரிடமும் அவளைப் பற்றியேதான் பேசுகிறேன், அவள் பக்கத்தில் இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று படித்தாள். அந்த இடத்தில் உன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவளை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள், கணக்கில் போன தடவை மாதிரி மார்க் வாங்கக் கூடாது. அவ்வளவுதான் இருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்கும் இரண்டு ஷிஃப்ட், முதுகு வலி, எனக்குப் புரிகிறது. ஆனால் பதினாறு வயதுப் பெண் உட்கார்ந்து தன் அம்மா தன்னைப் பற்றி எழுதுகிற மாதிரி தானே கற்பனை செய்து, அதைக் கிழவன் எதிரில் குரல் நடுங்காமல் வாசித்திருக்கிறாள் என்றால் நான் என்ன சொல்வது, டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன்.

மேலே போய்க் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் படிக்கக் கேட்டுட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே நீ மாப்பிள்ளைக்கு என்று ஒட்டி அனுப்பின தாள்கள், ஆறு. ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. நீ படிச்சியா என்று கேட்டேன். நான் ஏதோ அசிங்கமான கேள்வி கேட்டுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அது அப்பாவுக்கு எழுதினது தாத்தா, நான் எப்படிப் படிப்பேன் என்றாள். ஊரையே மாற்றி எழுதினவள் இதைத் தொடவில்லை. அப்புறம் மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னாள். முதல் கடிதத்தை நான் சொன்னபடிதான் எழுதினாளாம். தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனாளாம். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் உனக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. இப்ப இதைப் படிச்சா அம்மாவுக்குத் தையல் பிரிஞ்சிடும்னு பயந்தேன் தாத்தா, அடுத்த கடிதத்துல சொல்லிக்கலாம்னு பெட்டி பக்கத்துலயே நின்னு கிழிச்சுட்டு, எல்லாரும் சௌக்கியம்னு வேற ஒண்ணு எழுதிப் போட்டேன், அதுக்குள்ள அப்பாவும் திரும்பி வந்துடுவாருன்னு நெனச்சேன் என்றாள். அடுத்ததில் சொல்லவில்லை. அதற்கடுத்ததில் சொன்னால் முன்னால் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். இப்படியே ஏழு.

இதை இந்த உலகத்தில் அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் கோல் காக்கிற பையன் ஒருவன். உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, ஒரு வருஷமாக அவனோடு பழக்கமாம். பழக்கம் என்றால் பஸ் நிறுத்தம் வரைக்கும் சேர்ந்து நடப்பது, ஒரே குடையில் வருவது, அவன் கையுறையை இவள் தைத்துக் கொடுப்பது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னாள், நான் நம்புகிறேன், நீயும் நம்பு. ஒரு பொய் சொன்னவள் எல்லாமே பொய் சொல்வாள் என்று நினைத்துவிடாதே. அந்தப் பையனுக்கு இரண்டு வாரம் முன்னால் இவளுடைய நெருங்கின தோழியே பிடித்துப்போய்விட்டது. அதை இவளிடம் நேராகச் சொல்லவில்லை, விளையாட்டு மைதானத்துப் படியில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததை இவளே பார்த்திருக்கிறாள். போதாததுக்கு அவன் அந்தத் தோழியிடம் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லி, அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி, மறுநாள் கரும்பலகையில் யாரோ, அன்புள்ள அம்மாவுக்கு, அப்பா சௌக்கியம், கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வகுப்பே சிரித்திருக்கிறது. இவள் எழுந்து போய் அதைத் துடைத்துவிட்டு, தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, கடைசி மணி அடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அன்றைக்கு மாலை எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள் கண்ணு, சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோல் காக்கத் தெரிஞ்ச பயலுக்கு ஒரு ரகசியத்தைக் காக்கத் தெரியலையே என்று சலவைக்கடை அம்மா அவனைத் திட்டுகிறார். அவனைச் சொல்லி என்ன, நாலு தெரு தள்ளி இருக்கிற ஆள் என்ன காத்துக் கிழித்தார். நேற்று அவர் வேலை செய்கிற டிரைவிங் பள்ளிக்குப் போய், முதல் மாதமே உங்கள் மகளுக்கு நானே எழுதுகிறேன் என்று என்னிடம் சொன்னீர்களே, எழுதினீர்களா என்று கேட்டேன். இல்ல மாமா, அவ ஒண்ணும் கேக்கல, அதனால அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், பெருந்தன்மையா விட்டுட்டானு நெனச்சேன் என்கிறார். ஆக, ஒரு சின்னப்பெண் நடுவில் நின்றுகொண்டு மூன்று பெரியவர்களையும் ஏழு மாதம் நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கிறாள்.

இப்போது எப்படி இருக்கிறாள் என்று நீ தவிப்பாய். செவ்வாய்க்கிழமை முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். புதன்கிழமை அழுதாள், நன்றாக, சத்தம் போட்டு, மூக்கு சிந்தி அழுதாள், அது எனக்கு முட்டையைவிட நிம்மதியாக இருந்தது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை, ஆனால் அவள் வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன், தங்கமான மனுஷி, கரும்பலகை விஷயம் எனக்குத் தெரியாதே என்று பதறிப்போனார். வேறு பிரிவுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர், என் போனிலேயே உங்கள் மகளைக் கூப்பிடலாமே என்றார். மூன்று நிமிஷத்தில் இரைச்சலுக்கு நடுவில் கத்திச் சொல்லக்கூடியதா இது, அதுவும் நீ கையில் ஊசியோடு நிற்கிற நேரத்தில். அதனால்தான் கடிதம். நீ ஆத்திரத்தில் மாப்பிள்ளைக்கு எதையாவது எழுதிப் போட்டுவிடாதே, அவரோடு என்ன பேச வேண்டுமோ அதை நேரில் பேசு, நான் பக்கத்தில் இருக்கிறேன். சாப்பிடாமல் இருக்காதே. உன் வார்டில் மூத்த நர்ஸ் ஒருத்தி உன்னைத் தங்கச்சி போலப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒரு கடிதத்தில் இருந்ததே, அது நீ எழுதியதுதான், விசாரித்துவிட்டேன், இன்று அவளைப் பக்கத்தில் படுக்கச் சொல். உன் கையால் மாப்பிள்ளைக்கு எழுதின தாள் பழசு ஆறும் புதுசு ஒன்றும், ஏழையும் இதோடு வைத்திருக்கிறேன். அவை உன்னுடையவை.

இவ்வளவும் எழுதி முடித்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். கடிதத்தை மேலே கொண்டுவந்து டமாரத்திடம் கொடுத்து, உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கு, நீ படிச்சுப் பார்க்காம அனுப்ப மாட்டேன் என்றேன். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு முதலிலிருந்து கடைசி வரைக்கும் மனதுக்குள்ளேயே படித்தாள். நடுவில் ஒரு இடத்தில் தாளைக் கீழே இறக்கிவிட்டு வெளியே பார்த்தாள், எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. எதையாவது அடித்துவிடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு. எல்லாம் சரிதான் தாத்தா, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு, முதல் கடிதத்தைத்தான் அம்மாவுக்காக மாத்தினேன், மீதியெல்லாம் எனக்காக மாத்தினேன், வீட்டுல இல்லாட்டியும் கடிதத்துலயாவது அப்பா இருந்தாரு, நாம எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டோம், அத நிறுத்த எனக்கு மனசு வரல, அதையும் அம்மாவுக்கு எழுதச் சொல்லுங்க என்றாள். கடையைப் பூட்டப்போன சலவைக்கடை அம்மாவை மறுபடி உட்காரவைத்து இதை எழுதச் சொல்கிறேன். அந்த அம்மா இதை எழுதிவிட்டு, ஒரு எழுத்தாவது தப்பியிருக்கிறதா என்று மறுபடி ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டினார்.

என் செல்லமே, நீயும் உன் மகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இந்த இடி உன்னை முறிக்கக் கூடாது, உன் காலில் நீ நிற்கிறவள், நின்றே இருப்பாய், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இதற்குப் பதில் எழுத உட்காராதே. எவ்வளவு நல்ல கடிதமாக இருந்தாலும் இனி இந்த வீட்டில் அதைப் படிக்க அவளுக்குத் தெம்பு இல்லை, கேட்க எனக்கும் தெம்பு இல்லை. லீவு கேள், கொடுக்காவிட்டாலும் புறப்படு. வாசலில் வந்து நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்த்து இருக்கும்
அப்பா
(இது அவருடைய கட்டைவிரல் ரேகை. சொன்னதை மாற்றாமல் எழுதியது, சலவைக்கடை.)